பெல்டன் ஐயர் கேட்ட அழுகை

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் சொல்லுமுன், நம் போதகர் மேடையிலிருந்து இறங்கி முன்வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முன்பு இந்தச் சபையை நடத்திய பெல்டன் ஐயர் இங்கிலாந்தில் தம் சொந்த ஊரில் நித்திரையடைந்துவிட்டார் என்று சொன்னார். கப்பல் தபாலில் வந்த செய்தி. அடக்கம் நடந்து எத்தனையோ வாரம் ஆகியிருக்கும். போதகர் இளைஞர், ஐயரை நேரில் பார்த்ததில்லை. பார்த்தவர்களான நாங்கள் ஏதாவது செய்வோம் என்று எதிர்பார்த்தார் போலும், எங்கள் முகங்களையே பார்த்தார். பிறகு, சற்று நேரம் மௌனமாக இருப்போம் என்றார். இருந்தோம். துக்கத்தில் மௌனமாக இருக்க பிரிக்பீல்ட்ஸ் சபைக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை எங்களுக்குச் சொல்லித்தந்தவரே ஐயர்தான்.

ஐயர் குடும்பம் இங்கே இருந்த காலமெல்லாம் நான் சபையின் பெண்கள் பள்ளியில் வாத்தியாரம்மா. ஐயரின் மனைவி மார்த்தா அம்மாளோடு வீடு வீடாகப் போய்வந்தவளும் நான். அதனால் சபைப் பத்திரிகைக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் ரூத்தைப் பற்றி எழுதாமல் ஐயரைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. மூத்தவர்களுக்கு இதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கும். எழுதுகிற எனக்கும் சுகமாக இல்லை.

ஐயரும் அம்மாளும் அவர்கள் ஒரே மகள் ரூத்தும் வந்த கப்பலை எதிர்கொள்ள நாங்கள் சிலர் ரயிலேறிக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போயிருந்தோம். வருமுன்பே சென்னையில் ஒரு பண்டிதரிடம் தமிழ் படித்திருந்தார் ஐயர். பண்டிதர் குறை வைக்கவில்லை. மூட்டை தூக்க வந்தவரிடம் ஐயர், "சகோதரரே, இப்பெட்டிகளைச் சேதமின்றி இறக்குவீராக" என்றார். அந்த மனிதர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "என்னம்மா, வெள்ளைக்காரச் சாமி செய்யுளு படிக்கிறாரு?" என்று என்னைக் கேட்டார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த முதல் வருஷம் அவர்கள் பட்ட அவஸ்தையைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பு வரும், கூடவே பாவமாகவும் இருக்கும். ஐயர் உச்சி வெயிலில் கம்பளிக் கோட்டோடு வெளியே போவார், உடம்பெல்லாம் வேர்க்குருவோடு திரும்புவார். தோசையை முள்கரண்டியால் குத்திக் கத்தியால் அறுப்பார். விருந்துக்கு அழைத்த வீட்டார் தங்கள் தட்டில் கை வைக்கக் கூச்சப்பட்டு அவர் முடிக்கும்வரை பட்டினி கிடப்பார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குள் அவர் பூட்ஸோடு நுழைவார். அவர் போன பிறகு பெண்கள் சத்தமில்லாமல் தரையைக் கழுவுவார்கள். மார்த்தா அம்மாள் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டார். அடுத்த வீட்டு வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, ஊரே பார்க்கப் புருஷனின் பூட்ஸ் கயிறுகளைத் தாமே அவிழ்த்துவிட்டார். எல்லோரும் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். ஐயர் காது வரைக்கும் சிவந்துபோனார், ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அம்மாள் தமிழ் படித்தது பண்டிதரிடம் அல்ல, குவார்ட்டர்ஸ் தண்ணீர்க் குழாயடியில். குடத்துக்குக் குடம் நகரும் நேரத்தில் பெண்களோடு நின்று பேசிப் பேசிப் பிடித்துக்கொண்டார். ரூத்துக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை. செருப்பில்லாமல் தெருப் பிள்ளைகளோடு ஓடி, அவர்கள் பேசுகிறதெல்லாம் பேசினாள். தகப்பனுக்கு வாத்தியாராகவும் ஆனாள். "அப்பா, எறக்குவீராகன்னா சிரிப்பாங்க. எறக்கிடு அண்ணேன்னு சொல்லணும்" என்று அவள் திருத்துவாள். ஐயர் கைகட்டிக்கொண்டு, "அப்படியே ஆகட்டும், அம்மணி" என்பார். மத்தியான வேளைகளில் அவளைத் தேட வேண்டுமானால் நேரே அன்னம்மாள் வீட்டுக்குப் போகலாம். அன்னம்மாளின் புருஷன் ஞானமுத்து ரயில்வேயில் வேலை. பிள்ளையில்லாத வீடு. சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து ரூத்துக்கு ஊட்டிவிட்டுத்தான் அன்னம்மாள் சாப்பிடுவாள்.

அந்த ஞானமுத்துதான் முதலில் போனார். காய்ச்சல் கண்டு சில நாளிலேயே முடிந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். நம் பெண்கள் எப்படி அழுவார்களோ அப்படி அழுதார்கள். ஒருத்தி வாசலில் குரல் எடுத்துக்கொண்டே வருவாள், செத்த வீட்டுக்காரி எழுந்து போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், இருவரும் தலையோடு தலை சேர்த்து அழுதுவிட்டு வட்டத்தில் உட்காருவார்கள். வருகிற ஒவ்வொருத்தியோடும் அப்படித்தான். மார்த்தா அம்மாள் வாசலில் தயங்கி நின்றார். அன்னம்மாள் எழுந்துவந்து, வெள்ளைக்காரி என்று பார்க்காமல், அவர் கழுத்தையும் கட்டிக்கொண்டாள். அம்மாள் தேம்பித் தேம்பி அழுதார். கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. பிறகு என்னிடம் சொன்னார், அவரைப் பெற்றவள் இறந்தபோது அவர் கப்பலில் இருந்தாராம். செய்தி இங்கே வந்த பிறகுதான் கிடைத்ததாம். "யாருமே என்னெ அழ விடல, எஸ்தர். தைரியமா இருன்னாங்க. இன்னைக்குத்தான் எங்கம்மாவுக்கு அழுதேன்."

ஜெபம் பண்ண வந்த ஐயர் பார்த்தது, தலைவிரி கோலமாக, முகம் வீங்கி, தரையில் கிடந்த தம் மனைவியை. அவர் பயந்துவிட்டார். கோபம் என்று அப்போது நினைத்தோம், பயம்தான். அந்த இடத்திலேயே கையை உயர்த்தி, போதும் என்றார். அன்னம்மாளின் குரல் பாதியில் நின்றது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலும் அதையே சொன்னார். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் மாரடித்துக்கொள்ள வேண்டியதில்லை, கண்ணீர் விடலாம், கூக்குரல் கூடாது, இனி நம் சபையில் துக்க வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு பாட்டும் ஒரு ஜெபமும் போதும் என்றார். மாலையில் வீட்டில் அம்மாள், அழுகிறதில் என்ன தப்பு என்று என் எதிரிலேயே அவரைக் கேட்டார். அது நம்பிக்கைக் குறைவு, மார்த்தா, என்றார் ஐயர்.

ஐயர் சொன்னது ஒரு பங்கு, நாங்கள் செய்தது இரண்டு பங்கு. கண்ணீர் விடலாம் என்று அவர் சொன்னதைக்கூட விட்டுவிட்டோம். துக்க வீட்டில் கண் கலங்காமல் இருப்பது எங்களுக்கு அந்தஸ்தாகிவிட்டது. ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணிமார் வீட்டுப் பெண்கள், "தோட்டத்துச் சனங்க மாதிரி நாங்க கத்துறதில்ல" என்று குழாயடியில் சொல்லிக்கொண்டார்கள். என் பள்ளிப் பெண்களுக்கு அடக்க ஆராதனைப் பாட்டை மெல்லிய குரலில் பாடக் கற்றுத் தந்தபோது எனக்கும் பெருமை பிடிபடவில்லை. துரைமார் வீட்டுத் துக்கம் போல எவ்வளவு நாகரிகமாக இருக்கிறது என்று நினைத்தேன். புருஷனுக்காக அழுத அழுகையைப் பாதியில் விழுங்கிய அன்னம்மாளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மழைக்காலத்தில் ஐயர் குடும்பத்தோடு கிள்ளானில் போய்த் தங்கி, சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களில் ஊழியம் செய்வது வழக்கம். அப்போதெல்லாம் கிள்ளான் பக்கம் போனவர்கள் காய்ச்சலோடு திரும்புவது சாதாரணம். அந்த வருஷம் ரூத் காய்ச்சலோடு திரும்பினாள். டாக்டர் வந்தார், கொய்னா மருந்து கொடுத்தார், ஈரத்துணி போடச் சொன்னார். அன்னம்மாள் இரவு பகலாகச் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் பிள்ளை போய்விட்டாள்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம்.

சபை முழுவதும் வெள்ளை உடுத்தி வந்தது. முன்னறையில் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. பெட்டிக்குப் பக்கத்தில் மார்த்தா அம்மாள் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெண்ணாக உள்ளே வந்தோம், தலை குனிந்தோம், நாற்காலியில் உட்கார்ந்தோம். ஒவ்வொருத்தி நுழையும்போதும் அம்மாள் லேசாக எழுந்திருக்கப் பார்ப்பார், பிறகு உட்காருவார். ஏன் அப்படிச் செய்கிறார் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. யாராவது குரல் எடுத்து வருவார்கள் என்று காத்திருந்தார். எழுந்து போய்க் கட்டிக்கொள்ளக் காத்திருந்தார்.

கடைசியில் அன்னம்மாள் வந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாள் முழுக்க எழுந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவளை நோக்கி நடந்தார். அன்னம்மாள் நின்றாள். அவள் கண் ஐயரிடம் போனது. ஐயர் வேதபுத்தகத்தோடு சுவரோரம் நின்றிருந்தார், அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை. ஆனாலும் அன்னம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்து, "ஆண்டவர் ஒங்களுக்கு ஆறுதல் தருவாரும்மா" என்று ஒப்பித்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். விரித்த கையோடு அம்மாள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். என் பள்ளிப் பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். பிசிறில்லாமல் பாடினார்கள்.

அடக்கம் முடிந்து வந்த சாயங்காலம் அம்மாள் என்னைக் கூப்பிட்டு, ரூத்தை உங்களில் யாருக்குமே பிடிக்காதா என்று கேட்டார். நான் பதறிப்போனேன். ஐயர் போட்ட கட்டுப்பாடு உங்களுக்குத் தெரியாதா அம்மா என்று ஏதோ உளறினேன்.

"தெரியும்," என்றார். "எனக்காகவாவது யாராச்சும் ஒருத்தி அதெ மீறுவீங்கன்னு நெனச்சேன்."

அறைக் கதவு திறந்திருந்தது. ஐயர் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அம்மாள் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். குழாயடிக்கும் வரவில்லை. யாராவது பார்க்கப் போனால் தேநீர் கொடுப்பார், வெயிலைப் பற்றிப் பேசுவார், மறுபடி வாருங்கள் என்பார். எல்லாம் ஆங்கிலத்தில். ஐயரோடும் அப்படித்தான் பேசினார் என்று வேலைக்காரப் பெண் சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐயர் குடை பிடித்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குள் வந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பூட்ஸைக் கழற்றினார். உள்ளே போய், வீட்டுப் பெண்ணைக் கும்பிட்டு, ஒரே விண்ணப்பத்தைச் சொன்னார்: "நான் பிழை செய்தேன். தயைகூர்ந்து வந்து என் மனைவியோடு அழுங்கள்."

அவரைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ நல்லது சொல்வார்கள். பள்ளி கட்டினார், கிணறு வெட்டினார், அனாதைப் பிள்ளைகளைச் சேர்த்தார் என்பார்கள். என்னைக் கேட்டால் அந்த வெள்ளிக்கிழமைதான். போதித்த வாயாலேயே, போதித்த வீட்டிலேயே, நான் செய்தது தப்பு என்று சொல்ல எத்தனை போதகர்களுக்கு வரும்? எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் வந்ததில்லை.

போனோம். அதுதான் இன்னும் அவமானம். அன்னம்மாளும் நானும் இன்னும் சில பெண்களும் அம்மாள் வீட்டு முன்னறையில் போய் உட்கார்ந்தோம். சொன்னவுடன் அழுகை வருமா? கிராணி வீட்டு அம்மா ஒருத்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒப்பாரியில் இரண்டு அடி எடுத்துப் பார்த்தாள். அவளுக்கே வெட்கமாகிவிட்டது, நிறுத்தினாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்னம்மாள் மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்த்தா அம்மாள் எங்களையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டு, ரொட்டி கொண்டுவரச் சொன்னார். வெளியே ஐயர் எங்களுக்காகக் காத்திருந்தார். சத்தமே வரவில்லை என்பதை அவரும் கேட்டிருப்பார்.

அந்த ஞாயிறு மேடையில் நின்று, கட்டுப்பாட்டை எடுத்துவிட்டதாக அறிவித்தார். "உங்கள் துக்கத்துக்கு நான் எஜமானன் அல்ல" என்றார். ஆனால் நாங்கள் பழைய வழிக்குத் திரும்பவில்லை. நாகரிகம் ருசி கண்டுவிட்டது. அவர் போட்ட பூட்டை அவர் திறந்துவிட்டார், நாங்கள்தான் வெளியே வரவில்லை.

சில மாதம் கழித்து கிள்ளானுக்கு அப்பால் மேரு என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஐயருக்கு ஆள் வந்தது. ஐயரிடம் மருந்து வாங்கிப் போன ஒரு கூலிப் பெண்ணின் பிள்ளை இறந்துவிட்டது. கிறிஸ்தவக் குடும்பம் அல்ல. போகிறேன் என்று கிளம்பிய ஐயரோடு மார்த்தா அம்மாளும் ரயிலில் ஏறிக்கொண்டார். எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். துணைக்கு நானும் போனேன். கிள்ளானில் இறங்கி மாட்டு வண்டி பிடித்து, செம்மண் சடக்குச் சாலையில் ரப்பர் பால்மரக் காட்டுக்குள் போகும்போதே கூலிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து குரல் கேட்டது. அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

லயத்து வாசலில் வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். "இது யாரு?" என்று கேட்டாள். நான், இவங்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவங்கதான் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பிள்ளையின் தாய் எழுந்து வந்து, "வாடி எம் பொறப்பே, ஒனக்குமாடி போச்சு" என்று குரல் எடுத்து அம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி, "ஒம் புள்ள பேரு என்ன?" என்று கேட்டாள். ரூத் என்றேன். அதன் பிறகு அவர்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தே அழுதார்கள். தங்கள் பிள்ளை பேரைச் சொன்ன கையோடு ரூத்தம்மா என்றும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அவள் முகத்தைக்கூட அவர்கள் பார்த்ததில்லை. மார்த்தா அம்மாள் மண்ணில் புரண்டு அழுதார். நான் வட்டத்துக்கு வெளியே கைக்குட்டையோடு நின்றேன். எனக்கு உள்ளே போகத் தைரியம் வரவில்லை.

ஐயர் ஆண்களோடு ஒரு மரத்தடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். கங்காணி, சாமி ஏதும் பேசுறாரா என்று கேட்டதற்கு, "நான் காத்திருக்கிறேன். அவர்கள் முடிக்கட்டும்" என்றார்.

திரும்பி வரும்போது அம்மாள் வண்டியிலேயே ஐயரின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். எனக்கு மனசு ஆறவில்லை. நாங்கள் வளர்த்த பிள்ளைக்கு யாரோ அழுதார்களே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஐயர் மனைவியின் தலை அசையாமல் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பதில் சொன்னார்.

"எஸ்தர், அவர்களுக்கு நான் எதையும் போதிக்கவில்லை. அதனால்தான்."

அதற்குப் பிறகும் பல வருஷம் இங்கே இருந்தார்கள். அம்மாள் மறுபடி தமிழ் பேசினார், கோவிலுக்கும் வந்தார், ஆனால் எங்கள் வீடுகளைவிட மேருத் தோட்டத்துக்குப் போனதே அதிகம். அதற்கு நாங்கள் வருத்தப்பட உரிமையில்லை. ஐயரோ எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் தரையில் உட்கார்ந்துவிடுவார். யாரையும் அழாதே என்று அவர் சொல்லி அதன் பிறகு நான் கேட்டதில்லை. அழுது முடித்தவர்கள் தாங்களாகவே திரும்பிப் பார்த்து, ஐயரே ஜெபம் பண்ணுங்கள் என்று சொன்னால்தான் எழுந்திருப்பார். நம் படித்தவர்களில் சிலர், இவர் பழைய ஒழுங்கைக் கெடுக்கிறார் என்றுகூடப் பேசினார்கள். நாங்கள்தான் அவருடைய நல்ல மாணவர்கள், அவரே விட்டுவிட்ட பாடத்தை விடாமல் படித்துக்கொண்டிருந்தோம்.

செய்தி வந்த ஞாயிறு அன்னம்மாள் கோவிலுக்கு வரவில்லை. கால் வீக்கம், நடக்க முடியாது. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பொழுது சாய ரிக்‌ஷாவில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். உள்ளே வா என்றேன். வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயரு போயிட்டாராமே, வாத்தியாரம்மா?"

ஆமாம் என்றேன்.

"அம்மா அங்க தனியா கெடக்குமே. யாரு அழுதிருப்பா அதுகூட?"

அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் ஐயருக்காக அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் எடுத்த குரலில் ஐயர் பேரே இல்லை.

"எம் மடியில சோறுண்ட தங்கமே, ரூத்தம்மா... அன்னைக்கு ஒன்ன நான் அழாம அனுப்பிட்டேனே..."

இவ்வளவு வருஷம் இவள் இதை எங்கே வைத்திருந்தாள்? அழாதே அன்னம்மா என்ற சொல் என் வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. பெல்டன் ஐயரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அதுதான், அதைத் தவிர பெரிதாக வேறொன்றும் இல்லை. அவளோடு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் வந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள். சமீபத்தில் குடிவந்தவள், எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவள். யார் இறந்துபோனது என்று கேட்டாள்.

ஒரு குழந்தை என்றேன்.